ஜிப்ஸிக்குக் கொடுத்த விலக்கு சரிதானா?

கேள்வி இதுதான்: நாம் வாங்கும் காருக்கு ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டாமல் தடுப்பது), மோதல் சோதனை என்று அரசு இத்தனை விதி போடுகிறதே, ராணுவம் வாங்கும் வண்டிக்கு மட்டும் அதெல்லாம் வேண்டாம் என்று ஏன் விடுகிறது, அது நியாயமா? கேட்டவர் மாருதி ஜிப்ஸி என்ற ஜீப்புக்குக் கிடைத்த விலக்கை உதாரணமாகக் காட்டியிருந்தார். நான் தரைப்படையில் வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.இ. பிரிவில் பதினேழு வருடம் வண்டி மெக்கானிக்காக இருந்தவன், அதில் பாதிக்கு மேல் மலையில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சில விஷயங்களில் விலக்கு தேவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'இது ராணுவ வண்டி' என்ற ஒரே காரணத்துக்காக எல்லா விதியிலிருந்தும் மொத்தமாக விடுவிப்பது தவறு. அப்படி விடுவித்தால் முதலில் அடிபடுவது ரோட்டில் போகும் பொதுமக்கள் இல்லை, அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஜவான்தான். இதை யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஜிப்ஸி கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1985 கடைசியில் வந்த வண்டி அது. நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ், ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக், அக்டோபரிலிருந்து முன்மோதல் பக்கமோதல் சோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டாயமானது, அப்புறம் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புது மாசு விதி வந்தது. 80-களில் போட்ட பாடியை வைத்துக்கொண்டு ஜிப்ஸி இதையெல்லாம் தாண்ட வழியில்லை, பொதுச் சந்தையில் அதை 2019-இல் நிறுத்திவிட்டார்கள். ராணுவத்துக்கு மட்டும் விலக்கு கிடைத்து, அதே வண்டி மூவாயிரத்துக்கு மேல் ஆர்டர் ஆனது. அதாவது, உங்களுக்கும் எனக்கும் விற்கக் கூடாத அளவுக்குப் பாதுகாப்பு குறைந்தது என்று சட்டம் முடிவு செய்த வண்டி, அதற்குப் பிறகும் புதிதாகச் செய்யப்பட்டு ராணுவத்துக்குப் போனது.

ராணுவம் ஏன் அதை விடவில்லை என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும், அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஒரு டன் எடை. பள்ளத்தில் சிக்கினால் ஆறேழு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிடலாம். பனியில் மற்ற வண்டி புதையும் இடத்தில் ஜிப்ஸி மேலாகவே போய்விடும். பெட்ரோல் எஞ்சின், அதனால் குளிரில் டீசல் உறையும் தொல்லை இல்லை. பழுதானால் ஒரு ஸ்பேனர் செட்டும் கொஞ்சம் கம்பியும் போதும், லேப்டாப் மாட்டி எந்தச் சென்சார் போனது என்று பார்க்க வேண்டியதில்லை. பதினாலாயிரம் அடி உயரத்தில், விரல் மரத்துப்போகிற குளிரில் வேலை பார்த்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

மாசு விதியில் விலக்கு கேட்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். பிஎஸ்-6 டீசல் லாரிகளில் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். டேங்கைச் சூடாக்க ஏற்பாடு இருக்கிறது, சரி, ஆனால் அதுவும் பழுதாகும் இன்னொரு பொருள். மைனஸ் 30-க்குப் போகும் இடத்தில் அதை நம்பி ரேஷன் லாரியை அனுப்பச் சொல்ல என்னால் முடியாது.

விளக்கு விஷயமும் அப்படித்தான். இரவில் எல்லைப் பக்கம் கான்வாய் போகும்போது ஹெட்லைட், டெயில்லைட் எதுவும் எரியக் கூடாது. அப்போது பின்னால் வருகிற டிரைவர் எதைப் பார்த்து ஓட்டுவான்? ராணுவ லாரியின் பின் அச்சில், நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரென்ஷியலுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருப்பார்கள், அதற்கு மேலே சேசிஸில் மறைவாக ஒரு சின்ன பல்ப். மேலிருந்தோ தூரத்திலிருந்தோ பார்த்தால் ஒன்றும் தெரியாது, பின்னால் வருபவனுக்கு மட்டும் இருட்டில் ஒரு வெள்ளை வட்டம் ஆடி ஆடிப் போவது தெரியும். அந்த வட்டம் சிறிதானால் தூரம் அதிகம், பெரிதானால் பிரேக். பிரிட்டிஷ்காரன் காலத்து யோசனை, இன்னும் வேலை செய்கிறது. சாலை விதிப்படி பார்த்தால் இது குற்றம்தான். ஆனால் இதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தை ஒரு வரியில் சொல்ல முடியும். இரவில் பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும்போது அதே லாரியில் டெயில்லைட் எரிந்தே ஆக வேண்டும், அங்கே இந்தக் காரணம் செல்லாது.

எனக்கு இதுதான் அளவுகோல். விதியைத் தளர்த்தினால் போரில் என்ன லாபம் என்று ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். கவச வண்டி அகலமாக இருக்க வேண்டுமா, சொல்ல முடியும். பம்பர் இரும்பாக இருக்க வேண்டுமா, சொல்ல முடியும். பின்பக்கம் உட்காருபவனுக்கு பெல்ட் இருக்கக் கூடாது, ஈர ரோட்டில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்க வேண்டும் என்பதற்கு என்ன போர்க் காரணம்? பதினேழு வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இடமும் யூனிட்டும் வேண்டாம். மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு, காலை ஏழு மணி, ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். ஒரு சாஃப்ட் டாப் ஜிப்ஸி இறங்கி வரும்போது பின்பக்கம் வழுக்கி, உள்பக்கச் சாக்கடை ஓரத்தில் மோதிப் பக்கவாட்டில் சாய்ந்தது. வேகம் முப்பதுகூட இருக்காது. டிரைவருக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் சிராய்ப்புதான். ஜிப்ஸியின் பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்ச் இருக்கும் இல்லையா, அதில் உட்கார்ந்திருந்த பையன் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு வெளியே போய்விட்டான், வண்டி அவன் மேல் சாய்ந்தது. இருபத்துமூன்று வயது, கடலூர்ப் பக்கம். நாங்கள் ரெக்கவரி வண்டியோடு போய் வின்ச் போட்டு நிமிர்த்த இருபது நிமிடம்தான் ஆனது. தார்ப்பாயின் கொக்கி ஒன்றில் அவனுடைய தண்ணீர் பாட்டிலின் வார் மாட்டி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி, கண்ணாடி மாற்றினோம். மறுநாள் வண்டி டியூட்டிக்குப் போய்விட்டது.

அந்த வண்டியில் பழுது எதுவும் இல்லை. பிரேக் சரி, டயர் சரி, ஆய்வுப் புத்தகத்தில் எல்லாம் டிக். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ராணுவ வண்டிக்கு ஆர்.டி.ஓ. கிடையாது, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 60-ஆவது பிரிவுப்படி பாதுகாப்புத் துறை வண்டிகளுக்குத் தனிப் பதிவு, மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட நம்பர் பிளேட் அதனால்தான். எஃப்.சி. எடுக்க வெளியே போவதில்லை, நாங்களே பரிசோதிப்போம், அதைக் கறாராகவும் செய்வோம். ஆனால் எங்கள் பரிசோதனை பார்ப்பது, வண்டி செய்யப்பட்டபடி இருக்கிறதா என்பதை. செய்யப்பட்ட விதமே போதுமா என்று கேட்க எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. அதைக் கேட்க வேண்டியது பொதுச் சாலை விதிகள்தான், அவற்றைத்தான் வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

ஜிப்ஸியைவிடப் பெரிய கவலை லாரி. ஸ்டாலியன் நல்ல வண்டி, நம் அசோக் லேலண்ட் கொடுத்தது, சக்திமான் என்ற பழைய லாரிக்குப் பிறகு ராணுவத்தின் முதுகெலும்பே அதுதான். ஆனால் அது சுமை ஏற்றும் லாரி. அதன் பின்பக்கம் இரண்டு ஓரமும் மடக்குப் பெஞ்ச் போட்டு, மேலே வளையக் கம்பி நட்டுத் தார்ப்பாய் கட்டி, இருபது பேரை ஏற்றுகிறோம். அந்தக் கம்பி மழைக்கும் வெயிலுக்கும் தார்ப்பாயைத் தாங்கத்தான், லாரி கவிழ்ந்தால் மடங்கிவிடும். பெல்ட் கிடையாது. தனியார் லாரியின் பின்னால் ஆள் ஏற்றினால் போலீஸ் அபராதம் போடும், கல்யாணத்துக்கு லாரியில் போனவர்கள் செத்தார்கள் என்று செய்தி வரும்போது நாம் எல்லோரும் திட்டுகிறோம். இங்கே அதுவே அன்றாடப் போக்குவரத்து.

2022 டிசம்பர் 23 அன்று வடக்கு சிக்கிமில் ஜெமா என்ற இடத்தில், வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்த ராணுவ லாரியில் இருந்தவர்கள் 20 பேர், இறந்தவர்கள் 16 பேர். 2023 ஆகஸ்டில் லடாக்கில் கியாரி அருகே 9 பேர். 2024 டிசம்பரில் பூஞ்ச் மாவட்டத்தில் குறைந்தது 5 பேர். அவ்வளவு உயரத்திலிருந்து விழும்போது எந்த பெல்ட்டும் போதாது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது விழுவதற்கு முன்னால் இருக்கும் அந்த மூன்று நான்கு நொடியைப் பற்றி. சக்கரம் பூட்டாமல் பிடிக்கும் பிரேக், வண்டி ஒருபக்கம் இழுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்குத் தானாகவே பிரேக் கொடுத்து நேராக்கும் ஈஎஸ்சி, இறக்கத்தில் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும் ரிடார்டர் இதெல்லாம் அந்த நொடிகளுக்காகவே செய்யப்பட்டவை. சென்னையிலிருந்து ஊட்டிக்குப் போகும் நல்ல பஸ்ஸில் இருக்கிறது.

இதில் மொத்த விலக்கு என்ன செய்யும் என்று தெரிய அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே வாகனப் பாதுகாப்பு விதியிலேயே ஒரு வரி இருக்கிறது: ஒப்பந்த விவரக்குறிப்புப்படி செய்து நேரடியாக ராணுவத்துக்கு விற்கும் வண்டிக்கு எந்தப் பாதுகாப்புத் தரமும் பொருந்தாது. விளைவு ஹம்வி என்ற அவர்களுடைய ராணுவ ஜீப். 1983-இல் ஒப்பந்தம் போட்ட வண்டி, முதலில் கவசம் இல்லாத லேசான வண்டிதான். ஈராக்கில் ரோட்டோரக் குண்டுகள் வெடிக்க ஆரம்பித்ததும் இரும்புத் தகடு, கனத்த கதவு, மேலே துப்பாக்கிக் கூண்டு என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். எடை மேலே ஏறியது, வண்டி சாய ஆரம்பித்தது. கவிழ்ந்தால் கதவைத் திறக்க முடியாத கனம். அதனால் ஒரு ஹம்வி கூட்டை அப்படியே அச்சில் மாட்டிச் சுழற்றி, தலைகீழாகத் தொங்கும் நிலையில் பெல்ட்டைக் கழற்றி வெளியே வரப் பயிற்சி கொடுக்கும் எந்திரத்தைச் செய்தார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் அமெரிக்காவில் சாதாரணக் காருக்கு 2012 மாடலிலிருந்தே ஈஎஸ்சி கட்டாயம், புதிய ஹம்விகளுக்கு ஏபிஎஸ்ஸும் ஈஎஸ்சியும் தொழிற்சாலையிலேயே வர ஆரம்பித்தது 2018 வாக்கில். நடுவில் ஆறு வருடம், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரும் காரில் இருந்த பாதுகாப்பு சிப்பாயின் வண்டியில் இல்லை.

அந்த நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2021-இல் ஒரு அறிக்கை கொடுத்தது. 2010 முதல் 2019 வரையிலான நிதியாண்டுகளில் தரைப்படையிலும் மரைன் படையிலும், போரில் இல்லாமல் நடந்த வண்டி விபத்து 3,753, இறந்தவர்கள் 123 பேர். அதில் வண்டி கவிழ்ந்த விபத்துகள் கால்பங்குதான், ஆனால் இறந்தவர்களில் 63 சதவீதம் பேர் அந்தக் கால்பங்கில் போனவர்கள். அறிக்கை முதன்மையாகக் குறை சொன்னது ஓட்டுநரின் கவனக்குறைவையும், மேற்பார்வையையும், பயிற்சியையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டதாக ஆகும். ஆனாலும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள்தான் அந்த வண்டியை ஓட்டுகிறார்கள், தவறு செய்வார்கள் என்று தெரிந்தேதான் கொடுக்கிறோம். கார் ஓட்டும் நாமும் தவறு செய்வோம் என்று தெரிந்துதானே நம் காருக்கு இத்தனை விதி?

எதிர்த்துச் சொல்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் மூன்றும் எனக்குத் தெரியும், மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெல்ட் போட்டிருந்தால் பதுங்கித் தாக்கும்போது உடனே குதிக்க முடியாது என்பார்கள். சரி, தாக்குதல் பயம் உள்ள இடத்தில் கழற்றச் சொல்லி கமாண்டர் உத்தரவு கொடுக்கட்டும், பதான்கோட்டிலிருந்து லீவுக்கு ஸ்டேஷனுக்குப் போகும் லாரியில் யார் பதுங்கியிருக்கிறார்கள்? ஏபிஎஸ் இருந்தால் தளர்ந்த பனியிலும் சரளைக் கல்லிலும் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும் என்பார்கள். அதுவும் உண்மை, பூட்டிய சக்கரம் முன்னால் மண்ணைக் குவித்துத் தடுக்கும், ஏபிஎஸ் அதை விடாது. அதற்குத்தான் ரோட்டை விட்டு இறங்கும்போது அணைக்க ஒரு சுவிட்ச் வைக்கலாம், பல வண்டிகளில் அது இருக்கிறது. மூன்றாவது, குண்டு வெடித்தால் ஏர்பேக் தவறாக விரிந்து டிரைவரைக் குருடாக்கிவிடும் என்பது. கவச வண்டிக்கு இது நியாயமான கவலை, அங்கே ஏர்பேக் வேண்டாம் என்றே விட்டுவிடலாம். தபால் எடுத்துப்போகும் ஜிப்ஸிக்கு அது பொருந்தாது.

பொதுமக்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும், அதற்குக் கொரியாவைவிடக் கசப்பான பாடம் இல்லை. 2002 ஜூன் 13 அன்று தென்கொரியாவின் யாங்ஜூவில், ஓரம் இல்லாத ஒடுங்கிய கிராமத்து ரோட்டில் நடந்து போன 14 வயதுச் சிறுமிகள் இருவரை அமெரிக்கப் படையின் கவச வண்டி ஏற்றிக் கொன்றது. வண்டியின் அகலம் அந்த ரோட்டின் ஒரு தடத்தைவிட அதிகம். டிரைவருக்கு வலப்பக்கம் தெரியாது, மேலே நின்ற கமாண்டர் பார்த்தும் அந்த எச்சரிக்கை கீழே இருப்பவருக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. ராணுவ நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது, ஊரே மெழுகுவர்த்தியோடு தெருவுக்கு வந்தது. அதற்கப்புறம் 2003-இல், கவச வண்டி ரோட்டுக்கு வந்தால் முன்னும் பின்னும் காவல் வண்டி வர வேண்டும் என்று உடன்பாடு. 2020 ஆகஸ்ட் 30 இரவு போச்சோனில் காவல் வண்டி இல்லாமல் போன ஒரு அமெரிக்கக் கவச வண்டியின் பின்னால் ஒரு கார் மோதி நான்கு பேர் இறந்தார்கள். கார்க்காரரின் தவறும் அதில் இருந்தது. ஆனால் அகலத்துக்கும் எடைக்கும் விலக்கு வாங்கிய வண்டி, அந்த விலக்குக்குப் பதிலாக ஒப்புக்கொண்ட நிபந்தனையை அன்றிரவு விட்டுவிட்டது.

ஜெர்மனியின் வழி எனக்குப் பிடிக்கும். அவர்கள் சட்டத்திலும் ராணுவத்துக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் கடமையைச் செய்ய எந்த அளவுக்குத் தேவையோ அந்த அளவுக்கு மட்டும், அதுவும் பொதுப் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு என்று எழுதியிருக்கிறார்கள். விலக்கு வண்டிக்கு இல்லை, வேலைக்கு.

இது நமக்கு அந்நியமான யோசனை இல்லை. 1962-இல் பஞ்சாப் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. சிம்லாவில் ராணுவத் தலைமையகத்துக்கு நிலக்கரி ஏற்றிப்போன ராணுவ லாரி ஒருவரை மோதிக் கொன்றது, குடும்பம் நஷ்டஈடு கேட்டது, இது இறையாண்மைப் பணி, பொறுப்பில்லை என்று அரசு வாதாடியது. அறையைச் சூடாக்க நிலக்கரி கொண்டுபோவது யாரும் செய்யக்கூடிய சாதாரண வேலை, அதை ராணுவ லாரி செய்ததால் அரசு தப்பிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. லாரி யாருடையது என்று பார்க்கவில்லை, அந்த நேரத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பார்த்தார்கள். இந்த ஒரு கேள்வியை வண்டி வாங்கும்போதே கேட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ராணுவ வண்டிகளில் பெரும்பாலானவை தன் வாழ்நாளில் ஒரு தோட்டாவைக்கூடச் சந்திப்பதில்லை. ரேஷன், தபால், ஆள், தண்ணீர், இவைதான் அவற்றின் போர்.

இன்னொன்று, விலக்குக்குக் காலக்கெடு. 2020-இல் வாங்கிய வண்டி பத்துப் பதினைந்து வருடம் ஓடும், அதற்குப் பிறகு ஏலத்துக்கு வரும். சட்டப்படி ராணுவத்தை விட்டு வெளியே வந்த வண்டி ஆர்.டி.ஓ.வில் புதிதாகப் பதிவாக வேண்டும். டிஸ்போசல் வண்டி வாங்கி மலைப்பக்கம் ஓட்டுவது நம் ஊரில் எவ்வளவு பிரபலம் என்று உங்களுக்கே தெரியும். அன்று ராணுவத்துக்காகக் கொடுத்த விலக்கு, ஒருநாள் சுற்றுலாப் பயணிகள் பின்னால் உட்கார்ந்து போகும் வண்டியில் வந்து நிற்கும்.

நல்ல செய்தியும் உண்டு. ஜிப்ஸியின் இடத்துக்கு இப்போது வருபவை ஸ்கார்பியோ, 2025-இல் ஆர்டர் ஆன ஃபோர்ஸ் கூர்க்கா போன்றவை, சந்தையில் விற்கும் அவற்றின் வடிவத்தில் ஏபிஎஸ்ஸும் முன்பக்க ஏர்பேக்கும் ஏற்கெனவே இருக்கின்றன. ராணுவத்துக்காக அதில் எதையாவது எடுக்க வேண்டுமென்றால் எடுக்கட்டும், ஆனால் எதை எடுத்தோம், எந்த வேலைக்காக, எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி ஒரு அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். முன்சீட்டில் அதிகாரி உட்காருவார், அங்கே எப்படியும் பெல்ட் இருக்கும். ஒப்பந்தத்தைப் படிக்கக் கிடைப்பவர்கள் பின்பெஞ்சுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.